தலைக்கணக்கும் தலைக்கட்டும்

நல்கைப் பணத்தில் நடக்கும் அருங்காட்சியகக் கண்காட்சி பொதுமக்களிடம் என்ன மாற்றத்தை உண்டாக்கியது என்பதை எண்ணிக் காட்ட முடியும், எண்ணிக் காட்டியே ஆக வேண்டும் என்பது இன்று ஏறக்குறைய எதிர்ப்பே இல்லாத கருத்து. எத்தனை பேர் வந்தார்கள், எவ்வளவு நேரம் நின்றார்கள், உள்ளே நுழையும்போது எத்தனை கேள்விக்கு விடை தெரிந்திருந்தது, வெளியே வரும்போது எத்தனைக்குத் தெரிந்தது, ‘மிக நன்று’ என்ற கட்டத்தில் எத்தனை டிக் விழுந்தது, நாளிதழ்களில் எத்தனை செய்தி வந்தது: இவற்றைக் கூட்டினால் வருவதற்குப் பெயர் ‘தாக்கம்’. நிதி தருபவரின் படிவம் இதைக் கேட்கிறது, பெறுபவர் நிரப்பிக் கொடுக்கிறார், கோப்பு மூடப்படுகிறது. பழவேற்காடு ஏரிக்கரை மீனவக் குப்பங்களைப் போன்ற ஓர் இடத்தில் இந்தக் கருத்தை வைத்துப் பார்த்தால், அதன் ஒவ்வொரு மூட்டும் கழன்று விழுகிறது.

கருத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. யேல் பல்கலைக்கழக உளவியலாளர் எட்வர்ட் ராபின்சன் 1920களில் கடிகாரத்தோடு பார்வையாளர் பின்னாலேயே நடந்து, எந்தப் படத்தின் முன் எத்தனை நொடி நின்றார்கள் என்று குறித்தார். அந்த ஆய்வு 1928இல் வெளிவந்தது. பிரிட்டனில் 2004இல் அருங்காட்சியகக் கற்றல் பயன்களை ஐந்து தலைப்புகளாக வகுத்து ஒரு சட்டகம் அமைத்தார்கள். அங்கே பல்கலைக்கழக ஆய்வுகளைத் தரம்பிரிக்கும் 2014ஆம் ஆண்டு மதிப்பீட்டில் சமூகத் தாக்கத்துக்கு 20 விழுக்காடு மதிப்பெண். 2021இல் அது 25 ஆனது. 2014இல் மட்டும் 6,900க்கும் மேற்பட்ட தாக்கக் கதைகள் எழுதி அனுப்பப்பட்டன. பேராசிரியர்கள் பங்கெடுத்த கண்காட்சிகள் அவற்றில் நல்ல சரக்கு.

இந்தியாவில் இது சட்டமாகவே இருக்கிறது. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்கு (சி.எஸ்.ஆர்.) செலவிடச் சொல்கிறது; மரபு, கலை, பண்பாடு அதன் ஏழாம் அட்டவணையில் இடம்பெற்றுள்ளன. 2021 ஜனவரியில் திருத்தப்பட்ட விதிகள், சராசரியாக 10 கோடி ரூபாயும் அதற்கு மேலும் சி.எஸ்.ஆர். கடப்பாடு உள்ள நிறுவனங்கள், 1 கோடி ரூபாய் முதலான திட்டங்களுக்கு வெளியார் ஒருவரைக் கொண்டு தாக்க மதிப்பீடு செய்ய வேண்டும் என்றன. மதிப்பீட்டுச் செலவுக்கு முதலில் வைத்த உச்சவரம்பு மொத்தச் செலவில் 5 விழுக்காடு அல்லது 50 லட்சம், இரண்டில் எது குறைவோ அது. 2022 செப்டம்பரில் 2 விழுக்காடு அல்லது 50 லட்சம், எது அதிகமோ அது என்று மாறியது. ‘குறைவு’ என்ற சொல் ‘அதிகம்’ ஆன அந்த இடைவெளியில், மதிப்பிடுவது தனித் தொழிலாகத் தழைத்திருக்கிறது என்பதை யாரும் ஊகிக்கலாம்.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு வலிமையோடு வைக்க வேண்டும். பொதுப்பணம் கணக்குக் கேட்கும், கேட்க வேண்டும். எண் இல்லாத இடத்தில் ரசனை ஆளும். அந்த ரசனை பெரும்பாலும் பெருநகரத்து மேல்தட்டின் ரசனை. ‘கலையை அளக்க முடியாது’ என்று சொல்லியே பல பத்தாண்டுகளாகத் தூசி படிந்த கூடங்களை நடத்தியவர்கள் உண்டு. யாரும் வராததை அவர்கள் மேன்மையின் அடையாளமாகக் காட்டினார்கள். எண்ணத் தொடங்கிய பிறகே பெண்கள் வருவதில்லை, சக்கர நாற்காலி உள்ளே போகவில்லை, தமிழில் விளக்கம் இல்லை என்பவை தெரியவந்தன. சிறிய ஊர்க் கண்காட்சிக்கு ஆதரவாகப் பேச எண்ணைத் தவிர வேறு ஆயுதமும் இல்லை. இவை எல்லாம் உண்மை. ஆனால், யார் வரவில்லை என்று அறிய எண்ணுவது வேறு, வந்ததால் என்ன விளைந்தது என்று அறிய எண்ணுவது வேறு. முதலாவதன் நியாயத்தைக் கடன் வாங்கி இரண்டாவது நடமாடுகிறது.

சோதனைக்களமாகப் பழவேற்காடு ஏன்? சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில் இருக்கும் இந்த ஏரி, சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்ப் பரப்பு. பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்கிறது. தெற்கு முனையும் அங்குள்ள முகத்துவாரமும் திருவள்ளூர் மாவட்டத்தில். கண்காட்சி வைப்பவருக்கு இங்கே பொருள் குவிந்து கிடக்கிறது: 1613இல் டச்சுக்காரர் கட்டிய கெல்திரியா கோட்டை, தொல்லியல் துறையின் காவலில் இருக்கும் அவர்களுடைய கல்லறைத் தோட்டம், ஊர்ப் பெயரையே கடல் கடந்து கொண்டுபோன துணி வணிகம், பனையோலை முடையும் முஸ்லிம் பெண்கள், பூநாரைகள், மீன்பிடி இடங்களை முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் மீனவர்களின் பாடு முறை. ஏரியின் சூழலையும் மரபையும் சொல்லும் விளக்க மையம் ஒன்றை ஆர்டே அறக்கட்டளை ஊரிலேயே வைத்திருக்கிறது. காட்டப்படும் வாழ்க்கையும் அதைப் பார்க்கும் கண்ணும் ஒரே தெருவில் இருக்கும் இடம் என்பதுதான் இதைச் சோதனைக்கு ஏற்றதாக்குகிறது. பெருநகர அருங்காட்சியகத்தில் ஒளிந்துகொள்ளும் பிழை இங்கே ஒளிய முடியாது.

1. வருகை எண்ணிக்கை எதை எண்ணுகிறது?

ஞாயிற்றுக்கிழமையை எண்ணுகிறது. நண்டும் இறாலும் வாங்க, பறவை பார்க்க, பருவத்தில் சென்னையிலிருந்து கிளம்பி வரும் கார்களை எண்ணுகிறது. 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன்பின் சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. அந்த மாதங்களில் ஊரில் ஒரு கண்காட்சி நடந்திருந்தால் அதன் பதிவேடு வெறிச்சோடிப் போயிருக்கும். கண்காட்சியின் தரத்துக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இருந்திராது. ஏரியின் வடக்கே சூளூர்ப்பேட்டையில் ஆந்திர அரசு நடத்தும் பூநாரைத் திருவிழா 2020க்குப் பிறகு நின்று, 2025 ஜனவரியில்தான் மறுபடி நடந்தது. பறவைகளின் வரவைத் தீர்மானிப்பது ஏரியின் நீர்மட்டமும் இரையும். விழா நடந்ததா என்று அவை விசாரிப்பதில்லை. திருவிழாக் கூட்டத்தைக் காட்டி ‘பறவைப் பாதுகாப்பு விழிப்புணர்வு’ என்று எழுதுவதற்கு நல்ல துணிச்சல் வேண்டும்.

எண்ணிக்கை பயன்படும் இடம் உண்டு. 2023 மார்ச் 5 அன்று திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகத்துக்கு எத்தனை பேருந்து வருகிறது, எத்தனை கழிப்பறை வேண்டும், சீட்டு வாங்கும் வரிசை எவ்வளவு நீளம் என்பவற்றை எண்ணாமல் அந்த இடத்தை நடத்தவே முடியாது. அது நிர்வாகம்.

2. ஏற்கெனவே தெரிந்தவருக்கு இந்த அளவுகோலில் என்ன இடம்?

இடமே இல்லை. முழு அளவுகோலையும் உடைக்கும் மறுப்பு இதுதான். முன்–பின் வினாத்தாள், அறிவில் ஏற்பட்ட கூடுதலை அளக்கிறது. பாடு முறையைப் பற்றிய கண்காட்சி ஒன்று நடப்பதாக வைத்துக்கொள்வோம். வேளச்சேரியிலிருந்து வந்த மென்பொருள் ஊழியருக்கு நுழையும்போது பாடு என்றால் என்னவென்று தெரியாது; அரை மணி நேரத்தில் பத்துக்கு எட்டு மதிப்பெண். தாக்கம்: எட்டு. ஏரிக்கரைக் கோட்டைக்குப்பத்து மீனவர் நுழையும்போதே பத்துக்குப் பத்து. வெளியே வரும்போதும் பத்து. தாக்கம்: பூஜ்யம். அவர் படத்தில் வலை கட்டியிருக்கும் கோணம் பிழை என்று சொல்லிவிட்டுப் போயிருந்தால், கண்காட்சிக்கே அவர்தான் கற்றுக்கொடுத்திருக்கிறார். படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.

விளைவு என்ன என்று கொஞ்சம் தொடர்ந்து யோசிக்க வேண்டும். அறியாமையே இந்த முறையின் மூலதனம். எவ்வளவு தொலைவிலிருந்து, எவ்வளவு தெரியாதவர் வருகிறாரோ அவ்வளவு மதிப்பெண். அடுத்த ஆண்டும் நல்கை வேண்டும் என்றால் அமைப்பாளர் செய்ய வேண்டியது தெளிவு: கண்காட்சியைக் குப்பத்திலிருந்து எடுத்துச் சென்னைக்குக் கொண்டுபோவது. மீனவர் பொருளாக இருப்பார். பார்வையாளராக இருக்க மாட்டார். யாரும் அவரை வெளியே தள்ளவில்லை, கணக்கு தள்ளியது.

கருத்துப் படிவத்தின் கதையும் இதே. பேனா பிடிக்கத் தயங்கும் கை, ‘வந்தவங்க மனசு நோகக் கூடாது’ என்ற மரியாதை, எழுதிக் கொடுத்தால் எங்கே போகுமோ என்ற அச்சம் ஆகியவை சேர்ந்து எல்லா டிக்கையும் ‘நன்று’ பக்கம் சாய்க்கின்றன. வடக்குக் கரையில் தெலுங்கு, தெற்கே தமிழ். படிவம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதி மொழிபெயர்த்தது என்பது அதன் நடையிலேயே தெரியும்; ‘இக்கண்காட்சி தங்களை எந்த அளவுக்கு ஊக்குவித்தது’ என்ற கேள்விக்கு மீன் ஏலத்திலிருந்து கூடையோடு வரும் பெண் என்ன பதில் சொல்வார்? நேரமும் ஒரு வடிகட்டி. சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பழங்குடிப் பெண்களின் நாள் நீர் ஏறி இறங்குவதைப் பொறுத்தது. காலை 10 முதல் மாலை 5 வரை திறந்திருக்கும் கூடத்துக்கும் அந்த நாளுக்கும் பொருத்தம் தற்செயலாகவே அமையும்.

3. ‘பொதுமக்கள்’ என்பது தனியாட்களின் கூட்டுத்தொகையா?

நகரத்துக் கூடத்தில் அப்படிக் கொள்ளலாம். குப்பத்தில் முடியாது. செபாஸ்டியன் மேத்யூ பழவேற்காட்டின் பாடு முறையை ஆராய்ந்து எழுதியதை ஐக்கிய நாடுகள் உணவு வேளாண்மை அமைப்பு 1991இல் வெளியிட்டது. ஏரியின் குறிப்பிட்ட இடங்களில் சுத்து வலை கட்டி இறால் பிடிக்கும் உரிமை, சீட்டுக் குலுக்கி, முறை வைத்துச் சுழல்கிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்கள் அதை நடத்தி வந்தன. உரிமை தனியாளுக்குப் போய்ச் சேர்வதில்லை. ஊர் தலைக்கட்டாக, அதாவது தன் உறுப்பினராக, ஏற்றுக்கொண்டவருக்கு, ஊரின் வழியாகப் போகிறது. முடிவெடுப்பது ஊர்க் கூட்டம்.

இப்படி ஓர் ஊர் ஒரு கண்காட்சியை எப்படிப் பார்க்கும்? நாலு பேர் போய்ப் பார்த்துவிட்டு வந்து கூட்டத்தில் சொல்வார்கள். பதிவேட்டில் நான்கு. பார்த்தது முழு ஊர். அவர்களில் ஒருவர் சுவரில் இருந்த பழைய நீர்ப்பரப்பு வரைபடத்தைக் கைப்பேசியில் படமெடுத்து வந்தால், ஆட்சியர் அலுவலகத்துக்கோ நீதிமன்றத்துக்கோ போகும் மனுவில் அது இணைப்பாகலாம். வரைபடங்கள் இந்தக் கரையில் அலங்காரப் பொருள் அல்ல. பக்கத்து எண்ணூர்க் கழிமுகத்தில், அதை நீர்ப்பரப்பாகக் காட்டிய 1996ஆம் ஆண்டின் கடலோர மேலாண்மை வரைபடத்துக்கும், அந்த நீரையே காட்டாத பிந்தைய வரைபடத்துக்கும் இடையிலான வேறுபாடு 2017இல் பெரும் சர்ச்சையானது. தெற்கே உள்ள காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்துக்கான பொதுமக்கள் கருத்துக்கேட்பு 2021 ஜனவரிக்கும், பிறகு 2023 செப்டம்பருக்கும் அறிவிக்கப்பட்டு இருமுறையும் தள்ளிவைக்கப்பட்டது. அத்தகைய கூட்டத்தில் ஒரு மீனவர் எழுந்து எந்த இடத்தில் எந்த மாதம் எந்த வலை என்று சொல்வதற்குக் கண்காட்சிச் சுவர் துணை நின்றிருந்தால், மதிப்பீட்டாளர் படிவத்தில் அது ‘பார்வையாளர்: 1, ஆண், 45–60’.

4. மேலே போக மட்டும் தெரிந்த அளவுகோல் அளவுகோலா?

தாக்கம் என்ற சொல்லுக்குத் தமிழில் அடி என்ற பொருளும் இருக்கிறது. படிவங்கள் அதை மறந்துவிட்டன. படிவத்தின் தாழ்ந்த மதிப்பெண் பூஜ்யம். கீழே இறங்க வழியில்லை. ஆனால் கண்காட்சி கெடுதலும் செய்யும். பாடு முறை அழகான ஏற்பாடு என்று பல ஆய்வுகள் பாராட்டியிருக்கின்றன. அதே ஏற்பாடு பாடு இல்லாத ஊர்களையும் இருளர்களையும் நல்ல இடங்களுக்கு வெளியே நிறுத்துகிறது என்பதை சாரா கூல்தார்ட் 2008இல் வெளியான தம் ஆய்வில் எடுத்துக்காட்டினார். நிலைமை இப்படி இருக்க, ‘இவ்விடம் இன்ன ஊரின் மரபுவழிப் பாடு’ என்று சுவரில் ஒரு வரி எழுதினால் அது விளக்கக் குறிப்பாக நிற்காது. சாட்சியமாக மாறும். நாளைக்கு எல்லைச் சண்டையில் அந்த வரியை ஒரு தரப்பு தூக்கிக் காட்டும். 1980இல் தமிழ்நாட்டுப் பகுதி பறவைகள் சரணாலயமானது. பறவைகளை மட்டும் காட்டி மனிதர் இல்லாத ஏரியாக வரையும் கண்காட்சியும் ஒரு தரப்பின் சாட்சியமே. இரண்டையும் ‘94 விழுக்காட்டினர் மகிழ்ச்சி’ என்ற வகை வாக்கியம் மூடி மறைத்துவிடும்.

மறுபக்கமும் உண்டு: நல்ல கண்காட்சி கோபத்தை உண்டாக்கலாம். கெல்திரியா கோட்டை என்றால் துணியும் மசாலாவும் கல்லறைச் சிற்பமும் நினைவுக்கு வரும்படி சொல்வது எளிது. பதினேழாம் நூற்றாண்டில் இந்தக் கரையிலிருந்து பல்லாயிரம் பேர் அடிமைகளாகப் பத்தேவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) கப்பலேற்றப்பட்டதைச் சொல்வது அவ்வளவு இனிமையாக இராது. நெதர்லாந்து அரசு தன் ‘பகிர்ந்த பண்பாட்டு மரபு’ கொள்கையில் இந்தியாவையும் சேர்த்திருந்தது. அத்தகைய நிதியில் நடக்கும் கண்காட்சியின் படிவம் ‘நட்புணர்வு வளர்ந்ததா’ என்று கேட்டால், அடிமை வணிகத்தைச் சொன்ன கூடம் தோற்கும், சொல்லாத கூடம் ஜெயிக்கும்.

5. எது எதனால் விளைந்தது என்று யார் பிரித்துச் சொல்வது?

ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம் அடிமைமுறை பற்றிய பெரிய கண்காட்சியை 2021 ஜூனில் பொதுமக்களுக்குத் திறந்தது. கோவிட் அதைத் தள்ளிப்போட்டிருந்தது, உள்ளே விடும் எண்ணிக்கைக்கும் கட்டுப்பாடு இருந்தது. 2022 டிசம்பரில் நெதர்லாந்துப் பிரதமர் அடிமைமுறைக்கு மன்னிப்புக் கேட்டார். 2023 ஜூலை 1 அன்று மன்னரும் கேட்டார். கண்காட்சிக்கு இதில் எத்தனை விழுக்காடு பங்கு? சுரினாமிய வம்சாவளியினரின் பல ஆண்டுப் போராட்டத்துக்கு எத்தனை? வரலாற்று ஆய்வுகளுக்கு எத்தனை? பிரிக்க முடியாது. ஆனால் வருகைப் பதிவேட்டை மட்டும் பார்த்திருந்தால், கூட்டம் குறைந்த ஆண்டின் சுமாரான நிகழ்ச்சி என்று முடித்திருப்பார்கள். ஏரியில் ஒரு முகத்துவாரம் மூடிக்கொள்வதற்கே மணல், காற்று, மழை, தெற்கே கட்டிய துறைமுகங்கள் என்று பல காரணங்களைச் சொல்லி வல்லுநர்கள் ஆண்டுக்கணக்கில் வாதிடுகிறார்கள். மனம் திறந்ததற்கு மூன்று மாதத்தில் ஒற்றைக் காரணம் கண்டுபிடிக்கச் சொல்கிறது படிவம்.

காலமும் பொருந்தவில்லை. திட்டம் முடிந்து ஓராண்டாவது கழிந்திருக்க வேண்டும் என்று சி.எஸ்.ஆர். விதியே சொல்கிறது, அந்த அளவில் அது மற்றப் படிவங்களைவிட விவேகமானது. அரசு நல்கையிலோ பயன்பாட்டுச் சான்றிதழோடு சேர்த்து விளைவையும் எழுதித் தர வேண்டியிருக்கும். கண்காட்சிப் பலகைகளைக் கழற்றும் ஆணிச் சத்தத்தின் நடுவே எழுதப்படும் தாக்க அறிக்கைகள் ஏராளம். எட்டாம் வகுப்பில் பார்த்த ஒரு படகு மாதிரி, இருபது ஆண்டு கழித்து ஒரு பெண்ணை மீன்வளப் படிப்புக்குக் கொண்டுபோனால் அதை எந்தக் கோப்பில் சேர்ப்பது?

6. அளப்பது இலவசமா?

இல்லை. பணத்தைவிட மோசமான செலவு, கண்காட்சியின் உருவமே படிவத்துக்கு ஏற்ப வளைவது. ‘தெரிந்துகொண்டேன்’ என்று டிக் போட வசதியாகப் பத்துத் தகவல். படமெடுக்க ஒரு மூலை. பள்ளிப் பேருந்துகளை அடுக்கி ஒரே நாளில் ஆயிரம் தலை. குறிக்கோளாக வைக்கப்பட்ட அளவு நல்ல அளவாக இருப்பது நின்றுவிடும் என்று பொருளியலாளர் சார்ல்ஸ் குட்ஹார்ட்டின் பெயரால் வழங்கும் விதி இதைத்தான் சொல்கிறது. சட்டம் 1 கோடிக்குக் குறைந்த திட்டங்களிடம் தாக்க மதிப்பீடு கேட்கவில்லை. வலை பின்னும் கொட்டகையில் இருபது படங்களைத் தொங்கவிடும் குழுவிடம் யார் கேட்கிறார்கள்? பெரிய திட்டத்துக்கான படிவத்தை அப்படியே நகலெடுத்துச் சிறிய நல்கைக்கும் அனுப்பும் பழக்கம் கேட்கிறது.

‘அப்படியானால் கணக்கே வேண்டாமா?’ என்ற கேள்வி உடனே வரும். பணக் கணக்கு வேண்டும். ரூபாய்க்கு ரூபாய், பில்லுக்கு பில். தணிக்கைக்கும் தாக்கத்துக்கும் முடிச்சுப் போட்டதால் நேர்ந்த குழப்பம்தான், நேர்மையாகச் செலவழித்தவர்கூடத் தம் நேர்மையை வருகை எண்ணிக்கையால் நிரூபிக்க வேண்டிய நிலை. இரண்டையும் பிரித்துவிட்டால் எஞ்சும் கேள்விகளைக் கேட்டறிய முடியும், எண்ணியறியத் தேவையில்லை. வாசகங்களை ஊர்க் கூட்டம் முன்கூட்டிப் பார்த்ததா? மாற்றச் சொன்ன இடங்கள் மாற்றப்பட்டனவா? பாடு உள்ள ஊரும் இல்லாத ஊரும் இருளர் குடியிருப்பும் தனித்தனியே என்ன சொன்னார்கள்? படங்கள், ஒலிப்பதிவுகள், வரைபடங்களின் நகல் ஊரிடம் இருக்கிறதா, அல்லது நகரத்து வன்தட்டில் போய்ச் சேர்ந்ததா? யாரும் சண்டை போட்டார்களா, எதற்கு? மூன்றாண்டு கழித்துத் திரும்பப் போய்ப் பார்த்தபோது எது பயன்பாட்டில் இருந்தது? இவற்றுக்குப் பதிலாகக் கிடைப்பது சில பக்க உரைநடை. ஒப்பிட முடியாது, கூட்ட முடியாது, பட்டை வரைபடமாக்க முடியாது என்று நிதி அலுவலர் குறைப்படுவார். படித்துப் பார்க்க ஒரு மணி நேரம் ஆகும் என்பதுதான் உண்மையான குறை. நூறு திட்டங்களுக்கு நூறு மணி நேரம்; அதற்கு ஆள் போடும் செலவு, மதிப்பீட்டுக்கென விதியே ஒதுக்க அனுமதிக்கும் தொகைக்குள் தாராளமாக அடங்கும்.

இதிலும் ஏமாற்று நடக்கலாம். தமக்கு வேண்டிய ஊர்ப் பெரியவரிடம் நல்வார்த்தை எழுதி வாங்குவது கடினமல்ல. ஆனால் எழுதியவர் யார், எந்த ஊர், எந்தத் தரப்பு என்பது அங்கே பெயரோடு தெரியும்; மறுக்க விரும்பும் பக்கத்து ஊர் மறுக்கலாம். 94 விழுக்காட்டை யாரிடம் போய் மறுப்பது?